மூடிய கம்பெனிகளும் முளைத்த பூமிகளும்

கேள்வி இது: "இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் மல்டிவர்ஸ் என்கிறார்கள். சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் தெரியும். இந்த இணை உலகங்களில் இருக்கிற, அதிகம் பேர் கேள்விப்படாத பழைய காமிக்ஸ் ஹீரோக்களைக் கொஞ்சம் அறிமுகப்படுத்துங்களேன். எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கிவிடும். இணை உலகங்களை விஞ்ஞானமாகப் பார்த்தால் தலைதான் சுற்றும். அதிர்வெண், பரிமாணம் எல்லாம் மேல்பூச்சு. சூப்பர்மேன், பேட்மேனை வெளியிடும் டிசி காமிக்ஸ் ஒவ்வொரு இணை உலகத்தையும் ஒரு 'எர்த்', அதாவது ஒரு பூமி என்கிறது. அந்தப் பழைய பூமிகளில் சில, மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் விலாசம்தான். வழக்கில் நொடித்தவர்கள், விற்பனை படுத்துக் கடையைக் கட்டியவர்கள் என்று ஒவ்வொருவரின் ஹீரோக்களையும் டிசி வாங்கியது, சிலரை வாடகைக்கு எடுத்தது. வாங்கி வந்த பிறகு அவர்களை எங்கே குடிவைப்பது என்று தெரியவில்லை, அதனால் ஆளுக்கொரு பூமி கட்டிக்கொடுத்தது. மார்வெலின் கதை வேறு, அந்தப் பக்கம் நான் போகவில்லை.

தொடக்கம் மட்டும் அப்படி இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் சூப்பர் ஹீரோ மோகம் வடிந்துவிட்டது. உலகின் முதல் சூப்பர் ஹீரோ கூட்டணியான ஜஸ்டிஸ் சொசைட்டி வந்துகொண்டிருந்த 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' 1951இல் 57ஆவது இதழோடு கௌபாய் பத்திரிகையாக மாறிப்போனது. 1956இல் எடிட்டர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் அதிவேகமாக ஓடும் பழைய ஹீரோ ஃப்ளாஷின் பெயரை மட்டும் எடுத்து, பேரி ஆலன் என்று புது ஆளைக் கொண்டுவந்தார். முதல் கதையிலேயே பேரி ஒரு பழைய ஃப்ளாஷ் காமிக்ஸைப் புரட்டிக்கொண்டிருப்பான். அதாவது 1940இன் ஃப்ளாஷான ஜே காரிக், பேரியைப் பொறுத்தவரை வெறும் கற்பனைப் பாத்திரம். அங்கேதான் வினை. 1961இல் 'ஃப்ளாஷ்' 123ஆவது இதழில் பேரி குழந்தைகளுக்குக் கயிற்று வித்தை காட்டும்போது உடம்பை அதிவேகமாக அதிரவைத்து மறைகிறான், போய் நிற்பது ஜே காரிக் நிஜமாகவே வாழ்கிற ஊரில். நடந்ததற்கு ஒரு விளக்கம் வேண்டுமே, அதுதான் அழகு. பேரியின் உலகத்தில் கார்ட்னர் ஃபாக்ஸ் என்ற எழுத்தாளர் தூங்கும்போது அவர் மனம் அடுத்த உலகத்தோடு சுருதி சேர்ந்துவிடுகிறது, அங்கே நடப்பதைக் கனவில் பார்த்து இங்கே கதையாக எழுதுகிறார் என்று பேரி சொல்வான். 1940இல் ஜே காரிக்கை எழுதியவர் நிஜ கார்ட்னர் ஃபாக்ஸ். இந்த 1961 கதையை எழுதியவரும் அவரே. தன்னைத் தானே கதைக்குள் தூங்கவைத்த மனிதர்.

பேரி இருப்பது எர்த்-1, ஜே இருப்பது எர்த்-2 என்று பிற்பாடு பெயர் வைத்தார்கள். இருபது வருடம் முன்னால் பிறந்தவர்களுக்கு இரண்டாம் இடம். மூத்தவன் இருக்க இளையவனுக்குப் பட்டம் கட்டிய மாதிரி, எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

எர்த்-2வில் எனக்கு மிகப் பிடித்தவர் யார் என்று கேட்டால் ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டேன், மா ஹங்கல்தான். 1940இல் ஷெல்டன் மேயர் வரைந்த ஒரு நகைச்சுவைத் தொடரில் வருகிற குடும்பப் பெண், மளிகைக் கடைக்காரி, நல்ல ஆகிருதி. தன் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ரவுடிகள் கையில் மாட்டிக்கொள்ள, போலீஸைக் காத்திருந்து பயனில்லை என்று குளிர்காலத்துக்குப் போடும் நீளமான சிவப்பு உள்ளாடையை மாட்டி, கண்ணுக்கு ஓட்டை போட்ட பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பெயர் ரெட் டொர்னாடோ. போலீஸ்காரர்கள் கிண்டலாக ரெட் டொமாட்டோ என்பார்கள். பறக்க வராது, மந்திரம் கிடையாது, கைப்பலம் ஒன்றுதான். கவனியுங்கள், வொண்டர் வுமன் வந்தது இதற்கு ஒரு வருடம் கழித்து. ஜஸ்டிஸ் சொசைட்டியின் முதல் கூட்டம் நடந்த 'ஆல் ஸ்டார்' 3ஆவது இதழுக்கு மா ஹங்கலும் வருவார், வந்த வேகத்தில் கால்சட்டை கிழிந்துவிட, அப்படியே திரும்பிப் போய்விடுவார். அந்த ஒரு வருகையை வைத்து அவரைக் கௌரவ உறுப்பினர் என்று பின்னாளில் கணக்கில் சேர்த்தார்கள். 2000க்குப் பிறகு வந்த 'ஜேஎஸ்ஏ' தொடரில் பாட்டியாகத் திரும்பி வந்து, சொசைட்டியின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்பவராக இருப்பார். ரெட் டொர்னாடோ என்ற பெயரை இடையில் ஓர் எந்திர மனிதனுக்குக் கொடுத்துவிட்டார்கள், இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் அவன்தான் ஞாபகம் வருவான். பாத்திரத்தைக் கவிழ்த்தவரை மறந்துவிட்டு எந்திரத்தை ஞாபகம் வைத்திருக்கிறோம்.

அங்கேயே டாக்டர் மிட்-நைட் இருக்கிறார், 1941. அறுவை மருத்துவர், குண்டுவெடிப்பில் கண் போகிறது. ஒருநாள் இரவு ஜன்னலை உடைத்துக்கொண்டு ஆந்தை ஒன்று அறைக்குள் வந்து விழ, கண் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் இருட்டில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, வெளிச்சத்தில்தான் குருடு. உடனே புகைபோல இருட்டைப் பரப்பும் குண்டு ஒன்றைச் செய்துகொண்டு, எதிரிகளை இருட்டில் தள்ளிவிட்டுத் தான் மட்டும் பார்த்துப் பார்த்து அடிக்கிறார். கண் தெரியாத ஹீரோ என்றால் எல்லாரும் டேர்டெவிலைச் சொல்வார்கள், அவன் வந்தது 1964இல். ஆந்தையின் பெயர் ஹூட்டி, கடைசிவரை கூடவே இருக்கும்.

அவர்மேனைப் பற்றி ஒரு வரி. மாத்திரை போட்டால் சரியாக ஒரு மணி நேரம் அசுர பலம், அதற்குப் பிறகு சாதாரண ஆள். உதவி தேவைப்படுபவர்கள் தொடர்பு கொள்ளலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து வேலை தேடிய சூப்பர் ஹீரோ எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். வைல்ட்கேட் ஒரு குத்துச்சண்டை வீரன். கொலைப்பழி விழுந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, காமிக்ஸைப் பறிகொடுத்த ஒரு பொடியன் க்ரீன் லான்டர்ன் என்ற ஹீரோவைப் பற்றி விலாவாரியாகச் சொல்ல, அட இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று பூனை வேஷம் போட்டவன். ஜானி தண்டர் ஏழாவது பிள்ளை, ஏழாம் மாதம், ஏழாம் தேதி, ஏழு மணிக்குப் பிறந்தவன். ஒரு மந்திரச் சொல்லைச் சொன்னால் மின்னல் பூதம் வந்து நிற்கும், சொல்லின் உச்சரிப்பு 'சே யூ'. ஆங்கிலத்தில் சாதாரணமாகப் பேசும்போதே அது வாயில் வந்துவிடும் என்பதால், பூதம் தன்னிடம் இருப்பதே தெரியாமல் ரொம்ப நாள் காலம் தள்ளியவன். மூளை கொஞ்சம் மட்டு. பூதத்துக்குத்தான் புத்தி அதிகம்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். 1963 முதல் ஒவ்வொரு கோடையிலும் சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் இருக்கிற எர்த்-1இன் கூட்டணியான ஜஸ்டிஸ் லீகும் எர்த்-2வின் ஜஸ்டிஸ் சொசைட்டியும் ஒரு கதையில் சந்திப்பது வழக்கமாகிவிட்டது, ஊர்த் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வருகிற மாதிரி. 1972இல் ஜஸ்டிஸ் லீக் 100ஆவது இதழ், எழுதியவர் லென் வீன், அப்போது இருபத்து சொச்சம் வயது. 1941இல் 'செவன் சோல்ஜர்ஸ் ஆஃப் விக்டரி' என்று ஒரு கூட்டணி இருந்தது. க்ரிம்சன் அவெஞ்சர், விஜிலான்டே, ஷைனிங் நைட், க்ரீன் ஏரோ, ஸ்பீடி, ஸ்டார்-ஸ்பாங்கிள்ட் கிட், ஸ்ட்ரைப்ஸி, ஆக ஏழு. இதில் க்ரிம்சன் அவெஞ்சர் 1938இலேயே 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 20ஆவது இதழில் வந்தவர், பேட்மேன் அதே பத்திரிகையில் 27இல்தான் வருகிறார். ஸ்டார்-ஸ்பாங்கிள்ட் கிட் கதையில் பொடியன்தான் ஹீரோ, வளர்ந்த ஆள் அவனுக்கு எடுபிடி. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலின் குறும்பு அது.

லென் வீன் கதையில், ஒரு மாபெரும் கை எர்த்-2வை நசுக்கப் பார்க்கிறது. அதைத் தடுக்கத் தெரிந்தவர்கள் இந்த ஏழு பேர்தான், ஆனால் அவர்களை உலகமே மறந்துவிட்டது. பழைய சண்டை ஒன்றில் எதிரி வெடித்தபோது ஏழு பேரும் காலத்தின் வெவ்வேறு மூலைகளுக்குத் தூக்கி எறியப்பட்டிருக்கிறார்கள். மலை உச்சியில் ஒரு சமாதி மட்டும் இருக்கிறது, 'பெயர் தெரியாத வீரன்' என்று. ஏழு பேரில் யார் செத்தது? லீகும் சொசைட்டியும் மூன்று இதழ்கள் முழுக்கத் தேடி ஒவ்வொருவராகக் கூட்டிவருகிறார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அப்படியானால் சமாதியில் இருப்பது யார்? விங். க்ரிம்சன் அவெஞ்சரின் கார் ஓட்டியாக, உதவியாளாக இருந்த சீன இளைஞன். எல்லாச் சண்டையிலும் இருந்தவன், ஆனால் அணியின் பெயரில் ஏழு என்று வைத்துவிட்டார்கள், அவன் எண்ணிக்கையில் வரவில்லை. அந்த எதிரியை அழிக்க உயிரைக் கொடுத்தவன் அவன். 1940களின் காமிக்ஸில் சீனர்களைக் கேலிப்பொருளாகத்தான் வரைவார்கள், விங்கும் அதற்கு விலக்கில்லை. முப்பது வருடம் கழித்து யாரோ ஒரு இளைஞர் பழைய இதழ்களைப் புரட்டி, எட்டாவது ஆளை ஏன் எண்ணவில்லை என்று கேட்டு அதையே கதையாக்கியிருக்கிறார். அட்டை இல்லாத ஒரு பிரதியில்தான் நான் இதை முதலில் படித்தேன், கடைசிப் பக்கம் நல்லவேளையாக இருந்தது.

சரி, எர்த்-3க்கு வேகமாகப் போய்வரலாம். அங்கே எல்லாம் தலைகீழ். கொலம்பஸ் அமெரிக்காவிலிருந்து கிளம்பி ஐரோப்பாவைக் கண்டுபிடிக்கிறான். ஜனாதிபதி ஜான் வில்க்ஸ் பூத்தை நடிகர் ஆபிரகாம் லிங்கன் சுடுகிறார். சூப்பர்மேன் மாதிரி இருப்பவன் அல்ட்ராமேன், வில்லன். சூப்பர்மேனை வீழ்த்தும் க்ரிப்டோனைட் கல் பட்டால் அவனுக்குப் பலவீனம் வராது, புதுசாக ஒரு சக்தி வரும். 1964இல் வந்த யோசனை, இன்றைக்கும் எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்தாளுகிறார்கள். அங்கே இருந்த ஒரே நல்லவன், இங்கே சூப்பர்மேனின் பரம எதிரியான லெக்ஸ் லூதர் என்று 1982இல் சேர்த்தார்கள். அவ்வளவுதான் சமாச்சாரம்.

எர்த்-எக்ஸ்தான் கம்பெனிக் கதை ஆரம்பிக்கிற இடம். க்வாலிட்டி காமிக்ஸ் என்ற பதிப்பகம் 1956இல் மூடப்பட்டு, அதன் ஹீரோக்களை டிசி எடுத்துக்கொண்டது. பதினேழு வருடம் பெரும்பாலானவர்கள் அலமாரியில் கிடந்தார்கள். 1973இல் அதே லென் வீன், நாஜிகள் போரில் ஜெயித்துவிட்ட ஒரு பூமியை எழுதி, அங்கே எதிர்த்துப் போராடும் தலைமறைவுப் படையாக இவர்களைக் கொண்டுவந்தார். பூமியின் பெயரில் ஸ்வஸ்திகாவையே போட வேண்டும் என்று அவர் நினைத்ததாகவும், ஷ்வார்ட்ஸ் மறுத்ததால் எக்ஸ் ஆனதாகவும் சொல்வார்கள். 2017இல் ஏரோ, ஃப்ளாஷ் தொலைக்காட்சித் தொடர்கள் ஒன்றுசேர்ந்து எடுத்த கதை இந்தப் பூமியைத்தான் எடுத்துக்கொண்டது.

ஆட்களைப் பாருங்கள். டால் மேன், 1939 டிசம்பர், வில் ஐஸ்னர் கற்பனை. ஆறு அங்குலமாகச் சுருங்குவான், ஆனால் பலம் குறையாது. குள்ளமாகும் ஹீரோக்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா, சவாரிக்கு எல்மோ என்று ஒரு நாய். ஹியூமன் பாம், எதிரி கையில் சிக்கக்கூடாது என்று வெடிமருந்தை விழுங்கிவிட்ட விஞ்ஞானி. எதைத் தொட்டாலும் வெடிக்கும், அதனால் உடம்பு முழுக்க மூடிய உடை, கையுறையைக் கழற்றினால்தான் சண்டை. யாரையும் தொட முடியாத மனிதன் என்பதில் எவ்வளவு சோகம் இருக்கிறது, 1941இல் அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ஃபேன்டம் லேடி, செனட்டரின் மகள், முகமூடியே போட மாட்டாள், இருந்தும் பெற்ற அப்பாவுக்கே அடையாளம் தெரியாது. இதே ஃபேன்டம் லேடியை 1947இல் ஃபாக்ஸ் என்ற இன்னொரு கம்பெனி வெளியிட்டபோது மேட் பேக்கர் வரைந்தார். அந்தக் காலத்தில் இந்தத் துறையில் பெயர் பெற்ற மிகச் சில கறுப்பின ஓவியர்களில் ஒருவர். அவர் வரைந்த 17ஆவது இதழின் அட்டையைத்தான் டாக்டர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் 1954இல் காமிக்ஸுக்கு எதிரான தன் புத்தகத்தில் கெட்ட உதாரணமாகப் போட்டார். இப்போது அந்த இதழ் ஏலத்தில் வந்தால் விலையைக் கேட்டு மயக்கம் போடலாம்.

ப்ளாக் கான்டர் கதை இன்னும் வேடிக்கை. மங்கோலியாவில் பெற்றோர் கொல்லப்பட, குழந்தையைக் கான்டர் கழுகுகள் வளர்க்கின்றன. அவை பறப்பதைப் பார்த்துப் பார்த்தே பையன் பறக்கக் கற்றுக்கொள்கிறான். கான்டர் அமெரிக்கக் கண்டங்களின் பறவை, மங்கோலியாவில் அதற்கு என்ன வேலை என்றெல்லாம் 1940இல் ஒருவரும் கேட்கவில்லை. வளர்ந்து அமெரிக்கா வந்தவன், கொலையான ஒரு செனட்டர் அச்சு அசல் தன்னைப் போலவே இருப்பதைப் பார்த்து அவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான், செனட்டருக்கு நிச்சயமான பெண்ணையும் சேர்த்து. அந்தப் பெண்ணிடம் சொல்லவே இல்லை! லூ ஃபைன் என்ற ஓவியர் இதை வரைந்த விதத்தைப் பார்த்தால் இந்த ஓட்டைகளையெல்லாம் மன்னித்துவிடலாம். துணி மடிப்பும் உடம்பு வளைவும் காற்றில் மிதக்கும்.

ரெட் பீயை விட்டுவிட்டால் தேனீக்கள் கோபித்துக்கொள்ளும். பகலில் அரசு உதவி வழக்கறிஞர், இரவில் தேனீக்களை ஏவிவிடும் ஹீரோ. செல்லத் தேனீயின் பெயர் மைக்கேல், குடியிருப்பது இடுப்பு பெல்ட் பக்கிளில். கிண்டலாகத் தெரியும், கிண்டல்தான். ஆனால் 1984இல் எழுத்தாளர் ராய் தாமஸ் 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' தொடரில், எர்த்-எக்ஸைக் காப்பாற்ற முதலில் போன படையில் இவனையும் சேர்த்து, அங்கே சாகவைத்தார். எல்லாரும் சிரித்த ஆளுக்கு ஒரு வீரமரணம்.

எர்த்-எஸ் என்பதில் எஸ் என்றால் ஷஸாம். ஃபாசெட் என்ற பதிப்பகத்தின் கேப்டன் மார்வெல் ஒரு காலத்தில் சூப்பர்மேனையே விற்பனையில் முந்தியவர். டிசி சும்மா இருக்குமா, சூப்பர்மேனைக் காப்பியடித்தீர்கள் என்று வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்தடித்தது. 1953இல் ஃபாசெட் சமரசமாகித் தன் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் கடையை மட்டும் மூடியது. இருபது வருடம் கழித்து அதே டிசி அதே கேப்டன் மார்வெலை ஃபாசெட்டிடம் உரிமம் வாங்கி வெளியிட்டது. அதற்குள் மார்வெல் கம்பெனி அந்தப் பெயரைப் பத்திரிகைத் தலைப்பாகப் பதிவு செய்துவிட்டதால், அட்டையில் 'ஷஸாம்' என்றுதான் போட முடிந்தது. வழக்கில் ஜெயித்தவன் கடைசியில் தோற்றவனின் பிள்ளையை வளர்க்கிறான், அதுவும் பெயரை மாற்றி.

அவரைப் பற்றிப் படமே வந்துவிட்டது, அக்கம்பக்கத்தாரைப் பார்ப்போம். புல்லட்மேன், புல்லட்கேர்ள். துப்பாக்கிக் குண்டு வடிவத் தலைக்கவசம் போட்டால் பறக்கலாம், வருகிற குண்டுகள் விலகும். குற்றம் என்பது ஒரு நோய், அதற்கு மருந்து கண்டுபிடிக்கலாம் என்று கிளம்பிய போலீஸ் ஆய்வுக்கூட விஞ்ஞானிதான் புல்லட்மேனான ஜிம் பார், மருந்து குற்றவாளிக்குப் பயன்படவில்லை, குடித்தவருக்குப் பலம் வந்தது. புல்லட்கேர்ளான சூசன் சும்மா கூட வருகிற காதலி இல்லை, 1941லிருந்து சம பங்காளி. பின்னால் ஒரு நாய்க்கும் கவசம் மாட்டி புல்லட்டாக் ஆக்கினார்கள், நான் பொய் சொல்லவில்லை. ஐபிஸ் நாலாயிரம் வருடம் தூங்கி 1940இல் அருங்காட்சியகத்தில் எழுந்த எகிப்து இளவரசன். எழுந்ததும் முதல் வேலையாக உலகைக் காப்பாற்றவில்லை, தன்னோடு தூங்கிய டாயா எந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள் என்று தேடிப்போனான். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும். இவர்களெல்லாம் 1976இல் ஜஸ்டிஸ் லீக் 135 முதல் 137 வரை ஒன்றுசேர்ந்து வந்தார்கள்.

இதே பூமியில் டிசி பிற்பாடு குடிவைத்த இன்னொருவன், முதலில் க்வாலிட்டியின் பிள்ளை, கிட் எடர்னிட்டி, 1942. நம் ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி ஒரு பையன் சாகிறான். மேலே போனால் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, உனக்கு இன்னும் 75 வருடம் பாக்கி இருக்கிறதே என்கிறார்கள். சித்திரகுப்தன் கணக்குப் பிழை! தப்புக்குப் பரிகாரமாக அவனைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், 'எடர்னிட்டி' என்று சொன்னால் சரித்திரத்திலும் புராணத்திலும் உள்ள யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். தப்புச் செய்த குமாஸ்தா மிஸ்டர் கீப்பர் கூடவே அலைய வேண்டும், அதுதான் அவருக்குத் தண்டனை மாதிரி. எமலோகத்தில் ஆள் மாறிப்போகும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்.

எர்த்-4 சார்ல்டன் கம்பெனியின் வீடு. கம்பெனி பிறந்த கதையே ஒரு காமிக்ஸ். அனுமதி இல்லாமல் சினிமா, ரேடியோ பாட்டு வரிகளை அச்சடித்து விற்றதற்காக ஜான் சான்டாஞ்செலோ என்பவர் ஜெயிலுக்குப் போனார். அங்கே எட் லெவி என்ற வழக்கறிஞரைச் சந்தித்தார், வெளியே வந்து இருவரும் இந்தத் தடவை முறையாக அனுமதி வாங்கிப் பாட்டுப் புத்தகம் போட்டார்கள். இருவருக்கும் சார்லஸ் என்ற பெயரில் மகன் இருந்ததால் கம்பெனிக்குச் சார்ல்டன் என்று பெயர். தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கிய தலைமுறைக்கு இந்த வியாபாரம் நன்றாகப் புரியும். அச்சு இயந்திரம் சும்மா நிற்கக்கூடாது என்றுதான் காமிக்ஸும் அடித்தார்கள், சம்பளம் துறையிலேயே மிகக் குறைவு, ஆனால் எழுதுபவர் வரைபவர் வேலையில் யாரும் தலையிட மாட்டார்கள். அதனால்தான் ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓவியர் ஸ்டீவ் டிட்கோ அங்கே போனார். ஸ்பைடர்மேனுக்கு முன்பே 1960இல் கேப்டன் ஆட்டமை வரைந்தார். மார்வெலை விட்டு வந்தபின் முகமே இல்லாத 'கொஸ்டின்' என்ற பத்திரிகையாளனை உருவாக்கினார். பீட்டர் கேனன் என்ற தண்டர்போல்ட்டை உருவாக்கிய பீட் மொரிசி நியூயார்க் போலீஸ்காரர், வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று பெயரைப் போடாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டு வரைந்தார். ரகசிய அடையாளம் ஹீரோவுக்கு மட்டுமல்ல, ஓவியருக்கும்!

1983வாக்கில் டிசி இவர்களை வாங்கியது. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஆலன் மூர் இந்த ஆட்களை வைத்து ஒரு கதைத் திட்டம் கொடுத்தார். சார்ல்டனில் முன்பு எடிட்டராக இருந்து டிசிக்கு வந்திருந்த டிக் ஜியோர்டானோ, இப்படிச் செய்தால் இவர்களை அப்புறம் பயன்படுத்தவே முடியாது, நீங்களே புது ஆட்களை உருவாக்குங்கள் என்றார். அப்படி வந்ததுதான் 'வாட்ச்மென்'. கொஸ்டின் ரோர்ஷாக் ஆனான், கேப்டன் ஆட்டம் டாக்டர் மன்ஹாட்டன் ஆனார், பீஸ்மேக்கர் காமெடியன் ஆனான். பிரதிகள் உலகப்புகழ் பெற்றன, மூலங்கள் தெருவில் நின்றன. பீஸ்மேக்கருக்கு மட்டும் 2022இல் தொலைக்காட்சித் தொடர் கிடைத்து, விட்டதைப் பிடித்துக்கொண்டான்.

இவை தவிர நாம் இருக்கிற பூமி எர்த்-ப்ரைம். 1968இல் ஃப்ளாஷ் இங்கே வந்து மாட்டிக்கொண்டு, திரும்பிப் போகப் பணம் கேட்டு எடிட்டர் ஷ்வார்ட்ஸின் அலுவலகக் கதவைத் தட்டுவார். 1982இல் வந்த எர்த்-சி முழுக்க விலங்குகள், கேப்டன் கேரட் என்ற முயல் தலைவர், ஃபாஸ்ட்பேக் என்ற ஆமைதான் அதிவேக வீரன். இருபது இதழ்கள்தான் ஓடியது, குழந்தைகளுக்குக் கொடுக்க இதைவிட நல்லது இல்லை.

அப்புறம் 1985. எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மேனும் ஓவியர் ஜார்ஜ் பெரஸும் 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற பன்னிரண்டு இதழ்த் தொடரில், புது வாசகர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்று எல்லாப் பூமிகளையும் இடித்து ஒன்றாக்கினார்கள். ஓவியம் அசாத்தியம், ஒரு கட்டத்துக்குள் ஐம்பது பேர் நின்றாலும் ஒவ்வொரு முகமும் தனி. ஆனால் எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. எர்த்-4 என்ற பெயர் அந்தத் தொடரில்தான் வந்தது, அதிலேயே அழிந்தும் போனது, குடிவந்த அன்றே வீடு இடிந்த கதை. பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் எர்த்-2வில் பிறந்த மகள் ஹன்ட்ரஸ் கடைசி இதழில் இடிபாட்டில் சாகிறாள், அதுவும் ஓரமாக, போகிறபோக்கில். புது வாசகர்கள் குழம்பினார்களோ இல்லையோ, ஒரே பூமியில் எல்லாரையும் அடைத்தபின் யாருக்கு யார் என்ன முறை என்று எழுதுபவர்களே குழம்பினார்கள். 2007இல் மறுபடியும் 52 பூமிகளைத் திறந்துவிட்டார்கள்.

நம் பக்கம் ஒரு கிளை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தில் 'வேலியன்ட்' பத்திரிகையில் 1962இல் பிறந்த ஸ்டீல் க்ளா. சட்டித்தலையன் ஆர்ச்சி, 1952இல் 'லயன்' பத்திரிகையில் வந்த ரோபோ. தாய்நாட்டில் அந்தப் பத்திரிகைகள் எல்லாம் நின்றுபோய் இவர்களும் அனாதை ஆனார்கள், சிவகாசியில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1989இல் எழுத்தாளர் க்ரான்ட் மாரிசன் 'ஜெனித்' தொடரின் மூன்றாம் பாகத்தில், இணை உலகங்களிலிருந்து திரட்டிய ஹீரோக்களுக்கு நடுவே ஆர்ச்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2005இல் டிசியின் கிளை நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'ஆல்பியன்' கதையில், மாயாவி, ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இன்னொரு பிரிட்டிஷ் பாத்திரம்), ஆர்ச்சி எல்லாரும் நிஜ ஆட்கள்தான், பிரிட்டிஷ் அரசாங்கம்தான் அவர்களைச் சிறையில் அடைத்து மறைத்துவிட்டது என்று வரும். கதைச் சுருக்கம் ஆலன் மூர், எழுதியது அவர் மகள் லியாவும் மருமகன் ஜான் ரெப்பியனும். மாயாவியை ஸ்டைலான ஆளாகவே பார்த்துப் பழகிய நமக்கு, ஜெயிலில் பார்க்கும்போது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றீர்கள். லீகும் சொசைட்டியும் சந்தித்த கோடைக் கதைகளை 'க்ரைசிஸ் ஆன் மல்டிபிள் எர்த்ஸ்' என்ற பெயரில் டிசி தொகுதிகளாகப் போட்டிருக்கிறது. வரிசையாகப் படிக்காதீர்கள், 1963 கதைகள் இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் சவசவ என்று இருக்கும். முதலில் விங் கதை, அடுத்து எர்த்-எக்ஸ், இரண்டும் ஒரே எழுத்தாளர், ஒரே ஓவியர் டிக் டிலின். பிடித்திருந்தால் 1961 ஃப்ளாஷுக்குத் திரும்பிப் போங்கள். க்வாலிட்டி, ஃபாசெட் கம்பெனிகளின் 1940கள் இதழ்கள் பலவற்றுக்கு அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28ஆவது வருடம் உரிமையைப் புதுப்பிக்க ஆளில்லாமல் போனதால், அவை அங்கே பொதுவுடைமை ஆகிவிட்டன. 'டிஜிட்டல் காமிக் மியூசியம்' தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டால் மேனும் ப்ளாக் கான்டரும் அங்கே கிடைப்பார்கள். ரெட் பீ வேண்டுமென்றால் 'ஹிட் காமிக்ஸ்' முதல் இதழைத் தேடுங்கள்.